செங்கல்பட்டு ஏரியில் மிதந்த படகுகள்

புதிதாக அறிக்கைப் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சி வகுப்பில் வந்து பத்து நிமிடம் அனுபவம் பேசச் சொன்னீர்கள். வர மாட்டேன் என்றேன். சால்வை போடுவீர்கள், போட்டோ எடுப்பீர்கள், நான் விஷயத்துக்கு வரும்போது மணி அடிப்பீர்கள். எனக்கு அது ஒத்துவராது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் ஒரு தீர்மானம் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் ஒரே மாதிரி இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்து உருவாக்கிய பொதுத் தரநிலையில் 'தெரியவில்லை' என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதை எடுத்துவிடப் போகிறீர்களாம். அது இருப்பதால் நம் கம்பெனியின் தர மதிப்பெண் கீழே இறங்குகிறதாம். கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் குறியீடு உள்ளே வந்த கதை உங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு பிறகு கை வையுங்கள்.

நான் கருங்குழிக்காரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். செங்கல்பட்டு அலுவலகத்தில் கவுன்டர், பிறகு கிளெய்ம், கடைசியில் அறிக்கைப் பிரிவுக்கு மேலாளர். வாய் நீளம் என்று என் ரகசியக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். ரகசியமாக எழுதியிருக்கத் தேவையில்லை, ஊருக்கே தெரியும்.

தரநிலை வருவதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் அதனதன் இஷ்டத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. 'நஷ்டம் நடந்த தேதி' என்றால் ஒரு கம்பெனி புயல் அடித்த தேதியைப் போடும். இன்னொன்று வாடிக்கையாளர் போன் செய்த தேதியைப் போடும். மூன்றாவது, யாரோ ஃபைலைத் திறந்த தேதியைப் போடும். ஒரே புயல் மூன்று தேதியில் அடிக்கும். இதைச் சரிசெய்ய எல்லாக் கம்பெனி ஆட்களையும் ஒரு குழுவாகப் போட்டார்கள். கூட்டம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில். பக்கத்து ஊர்க்காரி என்பதால் எங்கள் கம்பெனி சார்பில் என்னை அனுப்பினார்கள். என் அறிவை மெச்சி அனுப்பவில்லை. போக்குவரத்துப் படி மிச்சம்.

ஜன்னலுக்கு வெளியே கடல். புரொஜெக்டருக்காகத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பேசி முடித்துக்கொண்டே வந்தோம். மதியத்துக்கு முன் 'நஷ்டம் நடந்த இடம்' என்ற கட்டம் வந்தது. வரைவில், பாலிசியில் இருக்கும் பின்கோடை அப்படியே எடுத்துப் போட வேண்டும், காலியாக விடக்கூடாது என்று இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இடம் தெரியலன்னா இன்னா போடறது?" என்று கேட்டேன்.

எதிரில் ராகவ் என்று ஒரு தனியார் கம்பெனிக்காரர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், நல்ல மூளை, அதைவிட நல்ல சட்டை. "பாலிசில பின்கோடு இருக்குமே மேடம். கட்டாயக் கட்டம். காலியா விட்டா சிஸ்டம் உள்ளயே விடாது" என்றார்.

"உள்ள விடாதுன்னா மனுஷன் இன்னா பண்ணுவான்? கைக்கு வந்ததைப் போட்டுட்டு டீ குடிக்கப் போவான்."

"எங்க ஸ்டாஃப் அப்படிப் பண்ண மாட்டாங்க."

"நீங்க கவுன்டர்ல உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"நான் உக்காந்திருக்கேன்."

பிறகு விளக்கமாகச் சொன்னேன். மீன்பிடிப் படகுக்குக் கதவு எண் கிடையாது, தெரு கிடையாது. இந்தக் கரையில் படகு வாங்குகிறவர்களுக்கு வங்கிக் கடன். கோவளத்திலிருந்து மரக்காணம் வரை யார் கடன் வாங்கினாலும் கடன் வேலை நடப்பது செங்கல்பட்டில். பாலிசியும் அங்கேதான் போடுவார்கள். திரையில் பின்கோடு கட்டம் சிவப்பாக நிற்கும். டைப் அடிக்கிறவர் வங்கியின் பின்கோடை அடிப்பார். கட்டம் பச்சையாகும். எங்கள் கம்பெனியில் அப்படித்தான். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான்.

"அதனால 'தெரியவில்லை'ன்னு ஒரு குறியீடு வேணும். தெரியாதவன் அதைப் போடட்டும்" என்றேன்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆணையத்துக்குப் போய் எங்களுக்குத் தெரியாதுன்னு நாமே எழுதிக் குடுக்கணுங்கறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ராகவும் சிரித்தார். கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் மேலே இருந்தது. சாப்பிடப் போனோம். வஞ்சிரம் வறுவல் நன்றாக இருந்தது. இருந்த கோபத்தில் நிறையவே சாப்பிட்டேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்களுக்கு ஒரு சர்வேயர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. சேதமான கட்டடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவார். திருப்போரூர் பக்கம் தீப்பிடித்த ஒரு கிடங்குக்குப் போய்விட்டு, "பின்பக்கச் சுவரைப் பார்க்கவில்லை. நாய் கட்டியிருந்தது" என்று எழுதினார். என் மேலதிகாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நாயை எடுத்துவிடு என்றார்கள். அவர் எடுக்கவில்லை. வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை உரக்கப் படித்துக் கேலி செய்தார். நீதிபதியும் சிரித்துவிட்டார். ஆனால் முன்பக்கச் சுவரைப் பற்றி அவர் எழுதியதை அந்த மன்றத்தில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிறவன், பார்த்தேன் என்று எழுதினால் அது நிற்கும். அன்றைக்கு நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன். தரநிலை ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்படி முதல் அறிக்கை அனுப்ப வேண்டிய நேரம் வருவதற்குள் புயல் வந்துவிட்டது.

காற்று நம் கரையில்தான் ஏறியது. மறுநாளே ஆணையம் எல்லாக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டது: எந்தப் பின்கோடில் எத்தனை கிளெய்ம் என்று புதிய தரநிலைப்படி மாலைக்குள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துச் சேதம் அதிகமான இடங்களை அவர்கள் அறிவிப்பார்கள். சேதமான பொருள் நிஜமாகவே அறிவிக்கப்பட்ட பின்கோடுக்குள் கிடந்தால், சொந்தக்காரர்கள் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டாம், ரிப்பேரை ஆரம்பித்துவிடலாம். மற்றவர்கள் சர்வேயர் வந்து பார்க்கும் வரை சேதமான பொருளைத் தொடக்கூடாது. தொட்டால் கிளெய்ம் போய்விடும்.

நல்ல உத்தரவு. எழுதியவர்கள் நல்ல மனதோடுதான் எழுதினார்கள். ஆனால் அது மொத்தமும் ஒரு பின்கோடு கட்டத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது.

அன்று காலையே திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போனேன். ராகவும் அவர் கம்பெனி சார்பில் வந்திருந்தார். மணலில் ஷூவோடு நின்றிருந்தார். கரை முழுக்க ஃபைபர் படகுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தேசிங்கு என்று ஒரு படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்தபடியே வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் ஒரு சர்வேயர்.

"நான் வந்துட்டேங்க. போட்டைக் காணோமே?" என்றது போன்.

"எங்க சார் நின்னுகினு கீறீங்க?"

"செங்கல்பட்டு. பேங்க் வாசல்ல."

தேசிங்கு போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "பேங்க்ல போட்டைத் தேடறாரு" என்றார். பிறகு போனில், "உள்ள போயி மேனேஜர் டேபிளுக்குக் கீழ பாருங்க சார். அங்கதான் கட்டி வெச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். தேசிங்கு சிரிக்கவில்லை. அவர் படகைக் காட்டினார். முன்பக்கம் பிளந்திருந்தது. பாதி மணலில், பாதி தண்ணீரில். ஒவ்வொரு அலைக்கும் ஒரு இழுப்பு இழுத்தது. தென்னை மரத்தோடு கயிறு கட்டி வைத்திருந்தார்.

"மேல இழுத்துப் போட வேண்டிதானே?" என்றார் ராகவ்.

"போன் பண்ணேன் அண்ணாத்த. உங்காளுதான் சொல்லிச்சு, சர்வேயர் பாக்கற வரிக்கும் தொடாத, தொட்டா கிளெய்ம் இல்லன்னு. இப்ப இன்னா பண்றது? சர்வேயர் பாக்கல, அலைதான் பாத்துகினே கீது. ரெண்டு நாள் உட்டா மிச்சமும் போயிரும். ஃபைபர் ஒட்ற ஆள் வூட்லயே கீறான், கூப்ட்டா வந்துருவான். கைய வெக்க முடியல. பேஜாரா கீது மேடம்."

அந்தப் படகு ராகவின் கம்பெனி பாலிசி. ராகவ் தன் போனில் எதையோ தேடினார். முகம் மாறியது. "மேடம், எங்க ரிப்போர்ட் காலையிலயே போயிடுச்சு. ஒரு கட்டம்கூட காலி இல்ல" என்றார்.

"சந்தோஷம். போட் எல்லாம் எங்க கீது, உங்க ரிப்போர்ட்ல?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். செங்கல்பட்டு. வரிசையாகச் செங்கல்பட்டு. கணக்குப்படி கரையில் ஒரு படகும் உடையவில்லை, அறிவிப்பு செங்கல்பட்டுக்குத்தான் வரும்.

"எங்க போட் எல்லாம் செங்கல்பட்டு கொளவாய் ஏரில மிதக்குது மேடம்" என்றார் மெதுவாக.

எங்கள் கம்பெனி அறிக்கை இன்னும் போகவில்லை. சென்னையிலிருந்து என் மேலதிகாரி கூப்பிட்டார். நிலைமையைச் சொன்னேன். அவருக்கு உடனே புரிந்தது, அவர் முட்டாள் இல்லை. "அவ்ளோதானே? செங்கல்பட்டுன்னு இருக்கற போட் அத்தனையையும் புதுப்பட்டினம் பின்கோடுக்கு மாத்து. ஒரே தட்டு. மாத்தி அனுப்பு" என்றார்.

"சார், அதுல கோவளம் போட் இருக்கு, மரக்காணம் போட் இருக்கு. எது எங்கன்னு எனக்குத் தெரியாது."

"நீ நிக்கற இடத்துல உடைஞ்சிருக்கா இல்லியா?"

"உடைஞ்சிருக்கு."

"அப்ப அந்த ஊருக்குப் போடு. அவங்களுக்கு நல்லதுதானே பண்றே?"

இங்கேதான் கவனிக்க வேண்டும். உங்களுக்கும் இந்த வேளை வரும். தப்பைச் செய்யச் சொல்கிறவன் வில்லன் மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு வர மாட்டான். நல்லதுதானே பண்றே என்றுதான் சொல்வான். நான் நின்ற இடத்தில் தேசிங்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலதிகாரி சொன்னபடி மாற்றினால் புதுப்பட்டினம் பிழைத்துவிடும். மரக்காணத்தில் இன்னொரு தேசிங்கு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பக்கத்தில் நான் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் படகைத் தூக்கிப் புதுப்பட்டினத்துக் கணக்கில் எழுதிவிட்டு நான் சோறு தின்னப் போக வேண்டும்.

"மாத்த மாட்டேன் சார். தெரியாததைத் தெரியாதுன்னு அனுப்பறேன்."

"அப்படி ஒரு குறியீடே கிடையாதும்மா. உன்னை வெச்சிதானே வோட்டெடுத்தாங்க?"

"கட்டத்தைக் காலியா விட்டு அனுப்பறேன்."

"சிஸ்டம் வாங்காது. நாம அனுப்பவே இல்லன்னு லிஸ்ட்ல வரும். கம்பெனி பேரு நாறும். உன் பேருல மெமோ வரும்."

"வரட்டும்."

அலுவலகத்துக்குப் போன் செய்து, படகுப் பாலிசிகளுக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டு அனுப்பச் சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே சிஸ்டம் திருப்பி அடித்தது. அதே ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லி, மேலே ஒரு வரி எழுதச் சொன்னேன்: 'இந்தப் படகுகள் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாலிசியில் உள்ள பின்கோடு வங்கியுடையது.'

தேசிங்கு கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியாதுன்னு எழுதறதுக்கா இம்மாஞ் சண்டை?" என்றார்.

"ஆமா."

"எங்க ஊர்ல தெரியாதுன்னா தெரியாதும்பானுங்க. சாந்தரம் மறந்துருவானுங்க."

"எங்க ஊர்ல ப்ரமோஷன் போயிரும்" என்றேன்.

மாலையில் பட்டியல் வந்தது. அனுப்பாத கம்பெனி என்று எங்கள் பெயர் மட்டும் தனியாக நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆணையத்திலிருந்து ஒரு அதிகாரி கூப்பிட்டார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"ஏம்மா, நீங்க மட்டும் அனுப்பலையே?"

"அனுப்பினேன் சார். உங்க சிஸ்டம் வாங்கல. மெயில்ல வந்திருக்கும்."

"பார்த்தேன். இடம் எல்லாம் காலியா இருக்கு."

"காலி இல்ல சார், தெரியல."

"மத்த கம்பெனிக்கெல்லாம் தெரிஞ்சிருக்கே?"

"மத்த கம்பெனி கணக்குல மீன்பிடி போட் எந்த ஊர்ல அதிகமா உடைஞ்சிருக்குன்னு பாருங்க சார்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "செங்கல்பட்டு டவுன்" என்றார்.

"செங்கல்பட்டு டவுன்ல கடல் இல்ல சார். ஏரிதான் இருக்கு. அதுல மீன்பிடி போட் ஓடி நான் பாக்கல."

மறுபடி கீபோர்டு தட்டினார்.

"அப்போ இந்த போட் எல்லாம் எங்கேம்மா இருக்கு?"

"அதைத்தான் சார் எழுதியிருக்கேன். தெரியாது."

"நீங்க இப்ப கரையிலதானே இருக்கீங்க?"

"இந்தக் கரையைப் பாத்தேன், சேதம் இருக்கு. அடுத்த கரையைப் பாக்கல. பாக்காததை என்னால சொல்ல முடியாது."

அவர் வைத்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

மறுநாள் காலை திருத்திய உத்தரவு வந்தது. மீன்பிடிப் படகு எதுவானாலும், பாலிசியில் எந்தப் பின்கோடு இருந்தாலும், எந்தக் கரையில் கிடந்தாலும், போட்டோ போதும். சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டாம். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்த வரை அந்த ஆணைய அதிகாரி ஊரைப் பார்த்து முடிவெடுக்கப் போனார். ஊர் தெரியாது என்று ஒருத்தி சொன்ன பிறகுதான் படகைப் பார்த்து முடிவெடுத்தார். மேலதிகாரி சொன்னபடி மாற்றி அனுப்பியிருந்தால் என் அறிக்கையும் அழகாக நிரம்பியிருக்கும், மரக்காணத்துக்காரன் கயிற்றோடு நின்றிருப்பான்.

உத்தரவு வந்ததும் முதல் போன் ராகவிடமிருந்து. "மேடம், எங்க ரிப்போர்ட்டைத் திருப்பி எடுத்து அனுப்பப் போறேன். மேல ஒரு வரி எழுதினீங்களே, அது எப்படின்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டாவது போன் தேசிங்கு. "போட்டைத் தூக்கிட்டோம் மேடம். ஃபைபர் ஆளு வந்துகினு கீறான்" என்றார். பின்னால் ஆட்கள் இழுக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவதாக மெமோ வந்தது. குறித்த நேரத்தில் அறிக்கை தாக்கல் செய்யத் தவறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். 'தவறவில்லை, தெரியாததை எழுத மறுத்தேன்' என்று பதில் எழுதினேன். அடுத்த ப்ரமோஷன் எனக்கு வரவில்லை. அதற்காக நான் அழவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அடுத்த குழுக் கூட்டமும் மாமல்லபுரத்தில்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன் ராகவ் எழுந்தார். 'தெரியவில்லை' என்று ஒரு குறியீடு சேர்க்க வேண்டும் என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். "நான் சொல்லிக் குடுக்கல சார்" என்றேன். இந்தத் தடவை கை தூக்காதவர்கள்தான் குறைவு. நான் ஒரு நிபந்தனை போட்டேன். தெரியவில்லை என்று போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. போட்ட கம்பெனி, வாடிக்கையாளரைக் கேட்டு அடுத்த அறிக்கைக்குள் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் சோம்பேறிகள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் எடுக்கப் பார்க்கிற குறியீடு அதுதான்.

மதிப்பெண் குறைகிறது என்கிறீர்கள். ஆமாம், குறையும். மதிப்பெண் கொடுக்கிற மென்பொருளுக்குக் கட்டம் நிரம்பியிருந்தால் போதும், கடல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். குறியீட்டை எடுத்துவிட்டால் மதிப்பெண் மறுநாளே ஏறும். திரை பூராவும் பச்சையாக இருக்கும். அடுத்த புயலில் சர்வேயர் மறுபடி வங்கி வாசலில் நின்று போட்டைக் காணோம் என்று போன் பண்ணுவார். அன்றைக்கு அந்தப் போனை எடுக்கிறவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நம் கம்பெனி அனுப்புகிற அறிக்கையில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன. 'தெரியவில்லை' என்பதற்கு எதிரே இருக்கிற எண்ணை மட்டும் நான் மறுபேச்சில்லாமல் நம்புவேன். அந்த எண் உங்களுக்கு அசிங்கமாக இருந்தால் அதைக் குறைக்க வழி இருக்கிறது, அதற்குத் தீர்மானம் தேவையில்லை. ஃபைலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உங்கள் படகு எந்தக் கரையில் கிடக்கிறது என்று கேளுங்கள். முதலில் தேசிங்கைக் கூப்பிட்டுப் பழகுங்கள். அவர் ராகவின் கம்பெனியை விட்டுவிட்டு இப்போது நம்மிடம்தான் பாலிசி போட்டிருக்கிறார். கேலி செய்வார், பொறுத்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டும் கூப்பிடாதீர்கள். கடலில் இருப்பார்.